பேய் வீட்டின் வாசல்

பிரிக்பீல்ட்ஸில் நான் கும்பிடும் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு ரகசியச் சங்கத்தின் மண்டபம் இருந்தது. உள்ளே என்ன நடக்கும் என்று வெளியே யாருக்கும் தெரியாததால், அதைப் பேய் வீடு என்போம். அதை இடித்து இப்போது கார்ப்பார்க் ஆக்கிவிட்டார்கள். அங்கே காவலுக்கு இருந்தவர், முன்பு அதே மண்டபத்தில் தேத்தண்ணி கலக்கியவர். மெலிந்த உடம்பு, எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காரை நடுவில் நிறுத்தினேன்.

"அக்கா, அங்க வேணாம். அது அவங்க கூட்டம் போடற ரூம். பொம்பளைங்கள விடமாட்டாங்க."

"கட்டடமே இல்லையே, அண்ணே."

"ரூல் ரூல்தான்லா. அந்தப் பக்கம் நான் தேத்தண்ணி கலக்கின குசினி, அங்க போடுங்க."

"உள்ள என்னதான் செஞ்சாங்க?"

"யாருக்குத் தெரியும்? கதவைத் தட்டுவேன், ஒரு கை வந்து தேத்தண்ணித் தட்டை வாங்கிக்கும். நான் உள்ள போனதே இல்ல."

"இப்பப் போய்ப் பாருங்களேன். வெறும் தார்தானே."

சிரித்தார், போகவில்லை.

ஒருதரமாவது அவரை உள்ளே வரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பூசை முடிந்து திரும்பியதும், அந்த 'ரூமின்' நடுவில் போய் நின்றுகொண்டு பிரசாதத்தை நீட்டினேன். அவர் வெளியே நின்றபடியே பயபக்தியோடு இரண்டு கைகளையும் ஏந்தினார். எட்டவில்லை. கடைசியில், கருவறையிலிருந்து வரும் குருக்கள் மாதிரி, நான்தான் அந்த இல்லாத வாசல் வரை நடந்து வந்து கொடுத்தேன்.