டொறத்தி அக்காவின் பக்கத்து அறை

டொறத்தி அக்கா எங்கள் அகதி விடுதியை விட்டுப் போனது 1992ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. மரித்த ஆத்துமாக்களின் திருநாள். காலைப் பூசைக்குப் போய் வந்து, இரண்டு பைகளையும் வாசலில் வைத்துவிட்டு, பொதுச் சமையலறையில் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் வர நேரம் கிடந்தது. 

"கவனமாப் போங்கோ அக்கா," என்றார் கனகலிங்கம் அண்ணை.

"ஓம். இனி உங்களுக்கு வருத்தக்காரரை வைக்க ரெண்டு அறை இருக்குது."

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கனகலிங்கம் அண்ணை பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தார்.

அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள் முடிவுக்குக் காத்திருக்கும் விடுதியைத்தான் நாங்கள் ஹைம் என்போம். எங்களுடையது டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, ஒரு கிராமம் முடிந்து பீற்றூட் வயல்கள் தொடங்கும் இடத்தில் நின்றது. முன்பு தொழிற்சாலையாக இருந்த கட்டடம். ஊருக்குள் எங்களை வைக்க ஊரார் சம்மதிக்கவில்லை. நான் அங்கேயிருந்து பள்ளிக்கூடம் போனேன். பிறகு கையில் பை ஒன்றுடன் நாடு நாடாக அலைந்துவிட்டு, அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி அதிக நாளாகவில்லை. துறைமுகங்கள் நிறையப் பார்த்தாயிற்று. எந்தத் துறைமுகத்திலும் ஊர் முடியும் ஓரத்தில் கம்பி வேலி போட்ட பழைய கட்டடம் ஒன்று கண்ணில் படும். அப்போதெல்லாம் டொறத்தி அக்காவை நினைத்துக்கொள்வேன்.

சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அக்காதான். ஐம்பது தாண்டியவர். கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது, பிள்ளைகள் இல்லை. வந்த நாள் முதல் வேலை செய்யும் அனுமதிக்காகக் காத்திருந்தார். நாலாம் வருடம் அது கிடைத்தது. பக்கத்து நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லத்தில், சமையலறை வேலை. தங்குவதற்கு அறையும் உண்டு. ஒக்டோபர் நடுவில் தொடங்குவதாக ஏற்பாடு. சமையலறை வேலைக்கு சுகாதாரக் கந்தோரின் அத்தாட்சி வேண்டும், தொற்று உள்ள இடத்திலிருந்து போக முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அத்தாட்சியையும் எடுத்து வைத்திருந்தார்.

ஒக்டோபர் முதல் வாரத்தில்தான் வத்சலாவுக்குக் கொப்பளிப்பான், அதுதான் சின்னம்மை, போட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த பெண், கர்ப்பிணியான ரஞ்சினியின் அறையில் இருந்தாள். வைத்தியரிடம் கூட்டிப்போனபோது மொழிபெயர்க்க நானும் போனேன். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற நோய்தான், சொறியாமல் படுத்திருக்கட்டும், கர்ப்பிணிகள் கிட்டப் போகவேண்டாம் என்றார். மற்றவர்களுக்குத் தொற்றுவதென்றால் கொப்பளம் தெரிய முன்னமே தொற்றியிருக்கும் என்றும் சொன்னார். நான் வந்து அதைச் சொன்னபோது, அம்மாளின் வருத்தத்தைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்றார்கள்.

சமையலறையில் கூட்டம் போட்டார்கள். ரஞ்சினியின் அறையில் வத்சலாவை வைத்திருக்க முடியாது என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். நிலவறையில் விடலாம் என்றார் ஒருவர். உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் அங்கேதான் இருக்கின்றன என்று பெண்கள் எழும்பினார்கள். சைக்கிள் கொட்டிலைச் சொன்னால், அது ராசன் வீட்டுக்காரரின் யன்னலுக்கு நேரே வந்தது. பிரார்த்தனை அறையைச் சொன்னார்கள். அம்மாள் இருக்கலாம்தானே என்று சைவக்காரர் சொல்ல, அங்கே மாதாவும் இருக்கிறா என்று ஜேசுரட்ணம் அண்ணை முகத்தைத் திருப்பினார். மேல்மாடிக்காரர் கீழ்மாடியைக் காட்டினார்கள். கீழ்மாடிக்காரர் மேலே காட்டினார்கள். கடைசியில் நடையின் அந்தத்தில், குப்பைத் தொட்டிக்குப் போகும் கதவோடு இருந்த வெற்று அறையை யாரோ சொன்னார்கள். அது டொறத்தி அக்காவின் பக்கத்து அறை. சமைக்கிற சின்னக் குசினியும் குளியலறையும் அந்த இரண்டு அறைகளுக்கும் ஒன்றுதான். ஒருவரும் மறுக்கவில்லை.

"அக்கா தனி ஆள்தானே," என்றார் கனகலிங்கம் அண்ணை.

அக்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியை வைக்காமலே பேசினார். அவர் பிறந்த கடற்கரை ஒரு துறைமுகப் பட்டினத்தை ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், அவர் சிறுமியாக இருந்தபோது, கப்பலில் வந்தவர்களால் பட்டினத்தில் வைசூரி பரவியது. நோயாளிகளை வைக்க ஓர் ஆசுப்பத்திரி கட்டவேண்டும் என்று துரைமார் இடம் பார்த்தார்கள். பண்டகசாலைக்குப் பக்கத்தில் அடையாளக் கொடி நட்டார்கள், வியாபாரிகள் மனு எழுதினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நட்டார்கள், பாதிரிமார் எழுதினார்கள். பட்டாளத்தார் எழுதாமலே மறித்தார்கள். கொடி கடைசியாக வந்து நின்றது அக்காவின் கரையில். அங்கே நோயாளிகளுக்குக் கொட்டில் போட்டார்கள். காற்று பட்டினத்திலிருந்து அந்தப் பக்கம்தான் வீசுகிறது, அதனால் பட்டினத்துக்குப் பாதுகாப்பு என்றார்கள். அது தென்மேற்கிலிருந்து காற்று வீசும் சோளகக் காலம். வடகிழக்கு வாடை பிறந்ததும் காற்றுத் திரும்பியது. கொட்டிலிலிருந்து குடிசைகளுக்குள் அடித்தது. வருத்தம் காற்றில் வந்ததோ, கொட்டிலுக்குத் தண்ணீர் சுமந்த தகப்பனோடு வந்ததோ, அக்காவுக்குத் தெரியாது. அவருடைய தம்பி அதில் செத்துப்போனான். வருத்தம் தீர்ந்ததும் பிரிப்பதாகச் சொன்ன கொட்டில், அக்கா கலியாணம் கட்டி வெளிக்கிடும்வரை அங்கேயே நின்றது.

"எங்கடை இடத்திலை சனமே இல்லையெண்டு துரைமார் வரைபடம் கீறி வைச்சிருந்தவங்களாம்," என்றார். "நான் ஏலாதெண்டு சொல்லேல்லை. அந்தப் பிள்ளையும் எங்கை போறது? எனக்கு வேலை தொடங்கப்போகுது, அது உங்களுக்குத் தெரியும். என்னட்டை ஒருக்காக் கேளுங்கோ. அவ்வளவுதான்."

"கேக்கிறதுக்குத்தானே அக்கா இந்தக் கூட்டம்," என்றார் கனகலிங்கம் அண்ணை.

அக்கா கிழங்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தன் நடைக்குப் போனபோது, பக்கத்து அறையில் வத்சலாவின் கட்டில் ஏற்கனவே போடப்பட்டிருந்தது. கூட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இரண்டு பெடியங்கள் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். கதவு நிலையில் வேப்பிலை சொருகவேண்டும், ஜேர்மனியில் வேம்புக்கு எங்கே போவது? ரயில் பாதையோரம் நின்ற ஏதோ மரத்தில் வேப்பிலை மாதிரிப் பல் வெட்டிய இலையைக் கண்டு, கொப்போடு முறித்து வந்திருந்தார்கள். அதில் சிவப்புப் பழக்குலை ஒன்றும் தொங்கியது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழத்தையாவது பிச்சுப்போட்டுச் சொருகியிருக்கலாம்," என்றார். 

மறுநாள் கன்னியாஸ்திரிகளுக்குத் தொலைபேசி எடுத்தார். சொல்லாமல் விடுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது என்று என் அம்மாகூடச் சொல்லிப் பார்த்தார். வயதுபோன சனம் இருக்கிற இடம் என்று அக்கா மறுத்துவிட்டார். உண்மையைச் சொன்னதற்கு அவர்கள் நன்றி சொன்னார்கள். சமையலறைக்கு உடனே ஆள் தேவையாக இருந்ததால், போலந்துக்காரி ஒருத்தியை எடுத்துவிட்டார்கள்.

வத்சலாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது அக்காதான். ரஞ்சினிக்குப் பயம், மற்றவர்களுக்கு வேலை. ஒருநாள் கஞ்சிக் கோப்பையை வாங்கும்போது வத்சலா கேட்டாள்:

"என்னிலை கோவமோ அக்கா?"

"உன்னிலை இல்லை. குடி, ஆறப்போகுது."

மூன்றாம் தண்ணீர் வார்த்து வத்சலா வெளியே வந்தாள். ரஞ்சினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் எட்ட இருந்த ஜேசுரட்ணம் அண்ணைக்குத்தான் கொப்பளித்தது. அவரையும் அந்த அறையிலேயே போட்டார்கள். பிறகு காய்ச்சல் என்றாலும் இருமல் என்றாலும் அங்கேதான் என்று ஆகிவிட்டது. அதற்கும் அக்காவிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒக்டோபர் கடைசியில் கன்னியாஸ்திரிகள் திரும்பக் கூப்பிட்டார்கள். சமையலறையில் இடம் இல்லை, உடுப்புத் தோய்க்கும் பகுதிக்கு வரச் சம்மதமா என்றார்கள். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. அக்காவுக்கு முழங்கால் வருத்தம். ஓம் என்றார்.

அதன் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. ஹைமையும் மூடிவிட்டார்கள், ஆளாளுக்கு ஒரு நகரம் போனோம். போன கிழமை, 1999 யூன் மாதத்தில், அம்மா வேலையால் வரமுன்னர் தொலைபேசியின் பதிவுக் கருவியில் விளக்கு மின்னியது. அழுத்தினேன். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அம்மாவின் பெயர்.

"புஷ்பமலர், நான் டொறத்தி கதைக்கிறன். வத்சலாதான் நம்பர் தந்தவள். சுகமா இருக்கிறியளோ? இஞ்சை எங்கடை கட்டடத்துக்குப் பின்னாலை ஒரு காணி கிடக்கு. கொசோவோச் சண்டையிலையிருந்து ஓடிவாற அகதிச் சனத்துக்கு அதிலை வீடு போடப்போகினமாம். ஊர்க்கூட்டம் வைச்சவை. என்ரை பேருக்கும் கடுதாசி வந்தது, போனனான். கனபேர் வேண்டாமெண்டு கத்திச்சினம். பிறகு ஒரு மனிசி எழும்பி, உங்கடை யன்னலுக்கு நேரைதானே வருது, நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு என்னட்டைக் கேட்டா. வரட்டும் எண்டு சொன்னனான். வேறை என்ன, கால்தான் நோகுது. கனகலிங்கத்தைக் கண்டால் சொல்லுங்கோ, என்னட்டைக் கேட்டவையாம் எண்டு. வைக்கிறன்."