ஸ்டெப் மார்க்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை எழுதவே இல்லை. ஆனால் மதிப்பெண் வந்தது. எழுபத்தெட்டு. நடக்காத கல்யாணத்துக்கு மொய் எழுதின மாதிரி இருக்கிறது என்று அன்றைக்கு நான் சொன்னேன். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த சமயம். பொதுத்தேர்வு ரத்து என்று செய்தி வந்தபோது நானும் எல்லாத் தாய்மார்களையும் போல மூச்சு விட்டேன். லஸ் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த நாட்கள் அவை. குழந்தை உயிரோடு வீட்டில் இருக்கிறாள், வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்கியது. அதற்குள் மதிப்பெண்ணை எப்படிப் போடப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்துவிட்டது.

நான் தி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கூட்டல் கழித்தல் எனக்குப் புதிதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து, கணக்கு மட்டுமில்லாமல் மூன்று பாடங்களின் சராசரியாக, ஒரு பங்கு, பதினொன்றாம் வகுப்பு முழுப்பரீட்சையிலிருந்து ஒரு பங்கு, பன்னிரண்டில் பள்ளிக்கூடமே வைத்த பரீட்சைகளிலிருந்து சற்றுப் பெரிய பங்கு. மூன்றையும் சேர்த்தால், எழுதாத பரீட்சையில் எவ்வளவு வாங்கியிருப்பாள் என்று வந்துவிடுமாம். அதற்கு மேல் ஒரு பூட்டு. பள்ளியின் மொத்தச் சராசரி, பழைய வருஷங்களில் அந்தப் பள்ளி வாங்கிய சராசரியை ஒட்டியே இருக்கவேண்டும். கன்னாபின்னாவென்று யாரும் அள்ளிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயமாகத்தான் இருந்தது. ஆபீசில் யாராவது இப்படி ஒரு ஷீட் போட்டுக் கொண்டுவந்திருந்தால் நானே டிக் அடித்து அனுப்பியிருப்பேன்.

என் மகள் கணக்கில் கெட்டிக்காரி. பெற்றவள் சொல்கிறேன் என்று தள்ளிவிட வேண்டாம்; அவள் இயற்பியலில் சுமார், வேதியியல் என்றால் வேப்பங்காய், அதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் மட்டும் வேறு ஆள். ஒரு கணக்கைப் பார்ப்பாள், பேனாவால் மோவாயைத் தட்டிக்கொண்டிருப்பாள், பிறகு விடையை எழுதிவிடுவாள். நடுவில் வரவேண்டிய வரிகளில் பாதி இருக்காது. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற மாதிரி. கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்கு சேரவேண்டும் என்பது ஒன்பதாவதிலிருந்தே அவள் ஆசை. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்ப்பாள். என்ஜினீயரிங், டாக்டர் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த மதிப்பெண் கணக்கில் எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்தின் ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. மயிலாப்பூரில் பேர் போன மத்திய வாரியப் பள்ளி. அங்கே திருத்துவது டைட். அதுவும் எல்லாருக்கும் டைட் இல்லை. நன்றாகப் படிக்கிற குழந்தைக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது என்று ஸ்டெப் விட்டதற்கும் கோடு போடாததற்கும் மதிப்பெண்ணை நறுக்குவார்கள். தடவித் தடவிப் படிக்கிறவனுக்கு மனசு விட்டுப்போகக் கூடாது என்று கொஞ்சம் கொசுறு போடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை என்பது வெறும் மிரட்டல்தான். நிஜமான மதிப்பெண் கடைசியில் பொதுத்தேர்வில் வரும். இது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அங்கே எழுபது என்றால் வெளியே தொண்ணூறு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க அலைவதே இதற்காகத்தான்.

மிரட்டலை மட்டும் வைத்துக்கொண்டு பரீட்சையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எப்படித் தோன்றும்?

ரிசல்ட் வந்த அன்று வகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது. அரைகுறையாகப் படித்தவர்களும் எழுபதுகளில், என் பெண்ணும் எழுபதுகளில். சராசரி மட்டும் அச்சு அசலாகப் பழைய வருஷத்துச் சராசரி. எனக்கு வயிறு எரிந்தது. என் கணவர், எல்லாருக்கும் இதே கதிதானே, படிக்கிற பெண் எங்கே போனாலும் படிக்கும் என்றார். அவர் எதையும் இப்படித்தான் தண்ணீர் ஊற்றி அணைப்பார்.

கணக்கு டீச்சரைத் தெற்கு மாட வீதியில் காய்கறி வண்டி அருகே பிடித்தேன். வேண்டுமென்றே காத்திருந்து பிடித்தேன் என்பதுதான் உண்மை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் என்னைப் பார்த்ததும் தாழ்ந்தன. நான் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். கொஞ்சம் அதிகமாகவே கேட்டேன். அவர் வெண்டைக்காயை முறித்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. முறித்ததையும் கூடையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“உங்க பொண்ணு சென்டம் வாங்கற பொண்ணு. எனக்குத் தெரியாதா? சென்டம் வாங்கணும்னுதான் குறைச்சேன்” என்றார்.

திட்டித் தீர்க்கலாம் என்று போனவள் கெஞ்ச ஆரம்பித்தேன். இப்போது ஏற்றிப் போடமுடியாதா என்றேன். பட்டியல் போய்விட்டதாம். போகாவிட்டாலும், சராசரியைத் தாண்ட முடியாததால் ஒருத்திக்கு ஏற்றினால் வேறு யாருக்காவது இறக்கவேண்டுமாம். யாரிடமிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அழுதுவிடுவாரோ என்று பயந்து நான்தான் முதலில் நகர்ந்தேன்.

அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் கணக்குப் பாடத்துக்குத் தொண்ணூறுக்கு மேலேயே இடம் நிரம்பிவிட்டது. அந்த வருஷம் ஊர் முழுக்க மதிப்பெண் கொட்டிக்கிடந்தது. எங்கள் பள்ளியைப் போலக் கறாரான பள்ளிகளில் பிள்ளையைப் போட்டவர்கள்தான் கையைப் பிசைந்தோம். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். போட்ட மதிப்பெண் போதாதவர்களுக்கு வாரியம் விருப்பத் தேர்வு வைக்கிறதே, அதை எழுதி மதிப்பெண்ணோடு வரச்சொல்லுங்கள், யாராவது விலகினால் பார்க்கலாம் என்றார். ஒரு நிபந்தனை இருந்தது. எழுதினால் அதில் வருவதுதான் கடைசி. பள்ளி போட்டது அழிந்துவிடும். அழியட்டும் என்றேன். எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. அவளுக்கும் இல்லை என்றுதான் நினைத்தேன். கைக்காவலாக வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்த்துவைத்தோம். ஆன்லைன் வகுப்பு. கேமராவை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் என்ன செய்கிறாள் என்று ஒருநாள் அருகில் போய்ப் பார்த்தேன். பள்ளியில் திருத்திக் கொடுத்த பழைய விடைத்தாள்களைப் பரப்பிவைத்திருந்தாள். சிவப்பு மை எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, விட்டுப்போன வரிகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கணக்குப் போடும்போது முணுமுணுவென்று ஏதாவது பாடுவாள். இப்போது உதடு ஒட்டிக்கிடந்தது. ஒரு வரி எழுதுவாள், திரும்பி மேலே பார்ப்பாள், ஏதாவது விட்டுவிட்டோமா என்று. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீ உன் வழியிலேயே போடேன் என்றேன். அந்த வழிக்குத்தானே எழுபத்தெட்டு என்றாள்.

அடையாறில் ஒரு பள்ளியில் தேர்வு மையம். வாசலில் மழைத் தூறலில் குடையோடு நின்றேன். கூட நின்ற பெற்றோர்களும் என்னைப் போலத்தான், யாரோடும் பேசும் தெம்பில்லாதவர்கள். மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். இவள் எல்லாரும் போனபிறகு வந்தாள்.

“ஸ்டெப் எல்லாம் போட்டேம்மா. ஒண்ணுகூட விடலை. டைம்தான் பத்தலை” என்றாள்.

கடைசிப் பெரிய கணக்குகளைத் தொடவே இல்லையாம். தெரியாமலில்லை, படித்த உடனேயே விடை தெரிந்துவிட்டதாம். விடையை மட்டுமாவது எழுதிவைத்திருக்கலாமே என்று கேட்டேன். வெறும் விடைக்கு யார் மார்க் போடுவார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பரவாயில்லை, மீதி நன்றாகத்தானே எழுதியிருக்கிறாய் என்று ஏதேதோ உளறினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரிசல்ட் எழுபத்தாறு.

அவளே போனில் பார்த்தாள். அழுவாள், கத்துவாள், போனைத் தூக்கி எறிவாள் என்று நான் தயாராக இருந்தேன். அப்படி எதையாவது செய்துவிட மாட்டாளா என்று ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் போனை மேஜைமேல் வைத்தாள்.

“அப்போ அவா போட்டதே ஜாஸ்திதான்” என்றாள்.

அப்படியில்லை என்று நான் சொன்னேன், என் கணவர் சொன்னார். அவர் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உடைந்தது. அவள் எங்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினாள். கடற்கரைச் சாலைக் கல்லூரிக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை. போய் என்ன காட்டுவது? அந்த ஷீட் இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எந்தப் பங்கிலும் எந்தக் கூட்டலிலும் தப்பில்லை. தப்பு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் பஸ் வீட்டு முனைக்கே வருகிறது. நல்ல சம்பளம், நல்ல பெண் என்ற பெயர். எந்த மெயிலையும் அனுப்புவதற்கு முன் ஐந்தாறு தடவை படித்துப் பார்ப்பாள் என்று அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டும் போலிருக்கிறது.

போன மாதம் கீழ் வீட்டு மாமி வந்திருந்தாள். பேத்தி பத்தாவது படிக்கிறாள், கணக்கில் தடுமாறுகிறாள், சனி ஞாயிறில் கொஞ்சம் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று என் மகளிடம் கேட்டாள். நான் அடுப்பங்கரையில் காபி கலந்துகொண்டிருந்தேன். சரியென்று சொல்லமாட்டாளா என்று இருந்தது.

“எனக்கு மேத்ஸ் அவ்வளவா வராது மாமி. நன்னாத் தெரிஞ்சவாளாப் பாருங்கோ” என்றாள்.

மாமி போகும்போது, எவ்வளவு அடக்கமான பெண் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அடக்கமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் நிஜமாகவே நம்பித்தான் அப்படிச் சொன்னாள்.