பின்வரிசையில் மூன்று வருட சர்வீஸ்

எண்பதுகளில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் ரஷ்யப் பத்திரிகை வாங்காத வீடு குறைவு. கொள்கைப் பற்று ஒன்றுமில்லை. அந்த வழவழப்பான தாள் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட ஏற்றது. எங்கள் வீட்டில் மட்டும், கிழிப்பதற்கு முன் சித்தப்பா அதைப் படித்துவிடுவார்.

அப்படித்தான் என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாகப் போகவிருந்த பாலே நடனக்காரிகளைப் பற்றி ஒருநாள் வாசித்துக் காட்டினார். கூட்டமாக அன்னப்பறவை வேடத்தில் பின்னால் நிற்பவர்கள் கடைசிப் படி. அதற்கு மேலே நாலைந்து பேராக ஆடுகிறவர்கள். அதற்கும் மேலே தனியாக ஆடுகிறவர்கள். உச்சியில் பிரைமா பாலெரினா.

"இன்னாடா, நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்குது," என்றார் ரயில்வே குமாஸ்தாவான அப்பா. "கலாசி, ஜூனியர் கிளார்க்கு, சீனியர் கிளார்க்கு, சூப்பிரண்டு."

பள்ளிக்கூடத்தின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை நடனத்தில் மூன்று வருடமாக நான் கடைசி வரிசை. குனிந்து மல்லாட்டை பிடுங்குவது மட்டுமே அந்த வரிசைக்கு வேலை. இரண்டு நாளில் திண்டிவனத்தில் போட்டி. அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடம். இதை விட்டால் முன்வரிசை கிடையாது.

"அப்பா, மூணு வருஷ சர்வீஸ் ஆயிடுச்சி. எனக்குப் பிரமோஷன் குடுக்கணும்ல?"

சித்தப்பா சிரித்தார். "அங்கல்லாம் சர்வீஸப் பாத்து குடுக்க மாட்டாங்க. ஆடத் தெரியணும்."

அப்பா சிரிக்கவில்லை. "நோட்டை எடும்மா. மனு எழுதலாம்."

கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்ல, நான் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்தவர், டான்ஸ் டீச்சர் ஒரு பெண் என்பது நினைவுக்கு வந்து 'அம்மா' என்று திருத்தினார். அதற்கப்புறம் ஓரிடத்தில்கூட நிறுத்தி யோசிக்கவில்லை. மூன்றாண்டுகளாக எவ்விதப் புகாருக்கும் இடமின்றிப் பணியாற்றி வருகிறேன். எனக்குப் பின் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் நிற்கிறார்கள். தாங்கள் கருணை கூர்ந்து... என்று ஒரு பக்கம். அப்பா இவ்வளவு படித்தவரா என்று அசந்துபோனேன்.

மறுநாள் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏண்டி, உங்கப்பா சொன்னாரா? சரி, நாளைக்கி மொத வரிசையில நில்லு. மூணு வருஷமா ஆடறே, தெரியாமலா போயிடும்? பேஜாரு பண்ணாத, அவ்ளோதான்."

திண்டிவனத்துக்கு அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். திரை விலகியபோதுதான் எனக்கு உண்மை விளங்கியது. மூன்று வருடமும் நான் ஆடியது முன்னால் நிற்பவளின் முதுகைப் பார்த்து. முதல் வரிசைக்கு முன்னால் முதுகு கிடையாது. மூன்று நடுவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஆடவில்லை.

வேறு வழியில்லாமல் திரும்பி நின்று, பின்வரிசையைப் பார்த்து ஆடி முடித்தேன். நடுவர்களுக்குக் கடைசிவரை முதுகைக் காட்டிய ஒரே பிரைமா பாலெரினா நானாகத்தான் இருப்பேன்.

"ஏண்டி, மல்லாட்டை திரைச்சீலையிலயா மொளச்சிக்கினு இருந்துச்சி?" திரும்பும் ரயிலில் என் வகுப்புக்காரிகள் விடவில்லை. விக்கிரவாண்டி தாண்டும்வரை அழுதேன். அப்பாவோ, பெட்டியில் ஏறிய ஆபீஸ் நண்பரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு மனு குடுத்தாப்பா. ஒரே நாள்ல ஆர்டர்!"

"குடுத்து வச்சவ," என்றார் நண்பர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

விழுப்புரத்தில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் இன்னும் இரண்டு பேரிடம் அதையே சொன்னார். கேலி செய்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. ஒரு பக்க மனு அவருக்கு எப்படி மனப்பாடமாகத் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.