வெல்டர்ஹோஃபும் வனஜா அக்காவின் வயலினும்

பதினான்கு ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள் நான். வெல்டர்ஹோஃப் அதே வழியில் எனக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் வந்தவர். வயலின் வாசித்து, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்து, தனி வயலினுக்கு இசை எழுதி, இங்கேயே இறந்தார். அவர் வாசித்த தேவாலயத்தில் அவருடைய படைப்புகளை மதியக் கச்சேரியாக வாசிக்கிறார்கள் என்று அறிந்து, போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன்.

கோலியர்ஸ் வுட்டில் 11.40க்கு ரயில். மூர்கேட்டுக்கு அரை மணி நேரம், மாறத் தேவையில்லை. குட்மேய்ஸிலிருந்து வனஜா அக்கா அங்கே வந்து சேர்ந்தார். அவர் கர்நாடக வயலின் ஆசிரியை. மாலையில் வகுப்பு என்பதால் வயலினும் தோளில் இருந்தது. நிலையத்திலிருந்து தேவாலயம் அறுநூறு மீட்டர், எட்டு நிமிட நடை. அனுமதி இலவசம். வாசலில் தந்த தாளில், இவர் வாசித்ததைக் கேட்டு அரசர் அழுதார் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்தவர் யார் என்று போடவில்லை.

சரியாக 1.05க்குத் தொடங்கியது. நான் வந்தது கடைசிப் படைப்புக்காக. கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டியது; ஒலிப்பதிவு எங்கும் கிடைக்கவில்லை. வாசித்த இளம் ஆங்கிலேயப் பெண் அதற்காகத் தந்திகளை முறுக்கும்போது மூன்றாவது தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி பெட்டியில் இல்லை. அந்தப் படைப்பை மட்டும் விட்டுவிடுவதாக மன்னிப்புக் கேட்டார்.

"ஸ, ப, ஸ, ப. அது எங்கட சுருதியெல்லோ!" என்றார் அக்கா.

"அப்ப உங்கட வயலினைக் குடுங்கோவன்," என்றேன்.

"விசரோ உமக்கு? என்ர மனுசனையே தொட விடுறேல்லை."

அந்தப் பெண் பெட்டியை மூடத் தொடங்கினார். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "வாரும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கெண்டு முதலே சொல்லிவிடும்."

சொன்னேன். அந்தப் பெண் நான்கு தந்திகளையும் சுண்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். சுருதி கீழே, ஆனால் இடைவெளிகள் அச்சொட்டாக அதே. கமகத்துக்கு விரல் சறுக்கட்டும் என்று அக்கா தடவும் தேங்காய் எண்ணெயில் அவர் விரல் இரண்டு முறை வழுக்கியது. பிறகு பதினேழு நிமிடங்கள் வழுக்கவே இல்லை. நான் அழவில்லை. ஆனால் அந்த அரசர் மீது இப்போது அவ்வளவு சந்தேகமும் இல்லை.

கைதட்டும்போது பார்த்தால் அந்தப் பெண்ணின் தாடையில் சிவப்பு. முன்வரிசைப் பெண்மணி பதறிக்கொண்டு டிஷ்யூ நீட்டினார்.

"நோ பிளட், பிள்ளை! குங்குமம்!" என்று கத்தினார் அக்கா. கர்நாடக முறையில் தரையில் அமர்ந்து வாசிப்பதால் தாடைக்கான பலகையில் தாடை படாது. சரஸ்வதி பூசைப் பொட்டை அக்கா அங்கேதான் வைப்பார்.

போக விரும்புகிறவர்களுக்கு: 12.30க்கே போய் இடப்பக்கம் அமருங்கள், வலப்பக்கம் தூண் மறைக்கும். உள்ளே குளிர், கோட்டைக் கழற்ற வேண்டாம். காணிக்கைத் தட்டில் ஏதாவது போடுங்கள். நான் ஐந்து பவுண்ட் போட்டேன். எதிர்க் கடையில் தேநீர் 2.90.

அங்கேதான் அக்கா வயலினைத் திறந்து பார்த்தார். பொட்டில் பாதி இல்லை. கைப்பையில் குங்குமச் சிமிழ் இருந்தது, எடுக்கவில்லை.

"அடுத்த பூசை வரைக்கும் இப்பிடியே கிடக்கட்டும்," என்று மூடினார்.