சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற மெஸ்

ரசம் கொதிக்கிற வாசனையும் பினாயில் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் உங்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது, எனக்கு இன்றைக்கும் ஒரு மாடிப்படிதான் தோன்றும். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஆட்டோகூட நுழைய முடியாத சந்தில், கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே ஐந்து அறைகளுமாக ஒரு மெஸ் இருந்தது. எனக்கு ஒன்பது வயதான வருடத்துக் கோடை விடுமுறை முழுவதையும் அதன் மாடிப்படியில், அந்த இரண்டு வாசனைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தே கழித்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் மற்ற பிள்ளைகள் கொடைக்கானல் போனோம், திருச்செந்தூர் போனோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் லீவுக்குப் போன இடம் அதுதான், என்ன செய்ய.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்கலாம் என்பதால், அம்மாவின் தங்கையான சின்னம்மா அங்கேயே தங்கிக்கொள்ள, அப்பாவும் நானும் மெஸ் மாடியில் மூன்றாம் நம்பர் அறைக்கு வந்து சேர்ந்தோம். ஒரு கோரைப்பாய், ஆணியில் தொங்கும் ஒரு ஹேங்கர், தலைக்கு மேல் "கடக் கடக்" என்று அடித்துக்கொள்ளும் ஃபேன், ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்த ஜன்னல், அவ்வளவுதான் அறை. அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த ஜன்னல் அம்மாவுடையது என்று தினமும் நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அம்மாவின் வார்டு மறுபக்கத்தில் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மெஸ்ஸை நடத்தியவரை எல்லோரும் "மெஸ்ஸக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா, அறுபது வயதுத் தாத்தாக்களுக்கும் அக்கா. ஐம்பதைத் தாண்டிய, பெரிய உடம்புக்காரி. வாய் அதைவிடப் பெரியது. "கை கழுவுனியா? கழுவுனேன்னு பொய் சொன்னா சோறு கெடையாது" என்று ஒன்பது வயதுக்காரியையும் அதட்டுவார், ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துப் பேசுகிற ஆளையும் அதே குரலில் அதட்டுவார். ஆனால் அங்கே தங்குகிறவர்களின் நோயாளிக்கு ஒரு தூக்குவாளிக் கஞ்சியும் வெந்நீரும் கேட்காமலே தயாராக இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் இலை, பிறகு தண்ணீர், பிறகுதான் பேச்சு. அந்தப் பேச்சிலும் யாருக்கு என்ன சீக்கு, எந்த வார்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. புதிதாக வந்தவர் எவராவது வாயைத் திறந்தால், "சோத்தத் தின்னுங்கண்ணே, ஆறுது" என்று கரண்டியை நீட்டிவிடுவார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டோம், "போயிட்டு வாரேன்" என்போம். உங்களுக்கும் தெரிந்ததுதான். இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து நடக்க வேண்டும், அங்கே அப்படியொரு காரியத்துக்காக மறுபடி வருவதாக யாரும் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலும் எங்களுக்கு அப்படித்தான். அதனால் அந்த மெஸ்ஸை விட்டுப் போகிறவர்கள் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அறைச் சாவியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். மெஸ்ஸக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சந்து முனையைத் தாண்டிய பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவார். இத்தனை நாள் சோறு போட்டவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறார்களே என்று எனக்கு முதலில் ஒரே கோபம்.

வாடிப்பட்டிக்காரர் ஒருவர் ஐந்தாம் நம்பரில் இருந்தார். பெயர் தெரியாது, யாருக்கும் யார் பெயரும் தெரியாது. தினமும் மத்தியானம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏத்தா உசிலம்பட்டி, ஒங்க ஊருல மழ பெய்யுமா, இல்ல பஸ்ஸுல கொண்டாந்து எறக்குவாகளா?" என்று வம்புக்கு இழுப்பார். தன் அப்பளத்தை உடைத்துப் பாதியை என் இலையில் வைப்பார். அவருடைய மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. ஒருநாள் அவர் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ஆள் வந்து வாசலில் நின்று அவரைப் பார்த்தார். வாடிப்பட்டிக்காரர் பிசைந்த கையோடு எழுந்து போனார். சாயங்காலம் ஐந்தாம் நம்பர் சாவி கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் என் பக்கத்தில் இலை போடவில்லை. "அந்த மாமா எங்கக்கா?" என்றேன். மெஸ்ஸக்கா முதல் தடவையாக என்னை அதட்டாமல், ஒரு முழு அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவள்தான் நான். இருந்தும் செய்தேன்.

வைகாசி நடுவில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் சின்னம்மா அம்மாவை மெஸ்ஸுக்கு நடத்தியே கூட்டி வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மெஸ்ஸக்கா அம்மாவுக்கு மட்டும் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து, காரமில்லாத பருப்புத் தண்ணீர் ஊற்றி, "மெதுவாத் தின்னுத்தா, யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாக" என்றார். அம்மா சிரித்தாள். பழுப்பேறிப்போன முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா சாவியை வைத்தார், மெஸ்ஸக்கா அடுப்புப் பக்கம் திரும்பினார், சந்தில் இறங்கினோம். நான் அம்மாவின் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"போயிட்டு வாரோம்க்கா! அடுத்து வரும்போது எனக்கு ரெண்டு அப்பளம்!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மெஸ்ஸக்கா விசுக்கென்று திரும்பி, "அடியே, வாயக் கழுவுடி!" என்று கத்தியபடி ஒரு பிடி உப்பை அள்ளி, என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அது படபடவென்று வெடித்தது. அதற்குள் அப்பா வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. "பச்சப்புள்ள, அதுக்கு என்ன தெரியும், விடுங்க" என்று சந்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. 

கார்த்திகையில் திரும்பி வந்தோம்.

இந்தத் தடவை அம்மாவை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றாம் நம்பரில் வேறு ஆள் இருந்ததால் எங்களுக்கு ஐந்தாம் நம்பர் கிடைத்தது. மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மெஸ்ஸக்கா இலை போட்டார், தண்ணீர் வைத்தார், சோறு வைத்தார், பிறகு இரண்டு அப்பளத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். மறந்திருக்கக் கூடாதா அந்த மனுஷி! பாசத்தில்தான் வைத்திருப்பார், இன்று அது புரிகிறது. அன்றைக்கு அந்த இரண்டு அப்பளமும், நீதானே கேட்டாய் என்று என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. சாப்பிட முடியாமல் இலையை மூடினேன். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். சாவியை நான்தான் கொண்டுபோய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்ற மெஸ்ஸக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

கேத வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒப்பாரிக்கு நடுவிலேயே சொன்னாள்: "வாரோம் வாரோம்னு சொல்லி வாசப்படியில கத்திட்டு வந்தாளே இந்தச் சனியன், அதான் ஆத்தாளக் கொண்டு போயிருச்சு." பத்துப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கிறேன், "சொல்லிட்டுக் கிளம்புத்தா" என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், வாய் திறக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எம்புட்டுத் திமிரு பாரு" என்று பேசிக்கொண்டார்கள். கப்பலூரில் நான் வேலை பார்க்கிற கம்பெனியிலும் எனக்கு அதே பெயர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் பங்குனியில் அப்பாவுக்கு நெஞ்சடைப்பு வந்தது. இப்போது ஆஸ்பத்திரிகள் ஊருக்கு வெளியே ரிங் ரோட்டுக்கு வந்துவிட்டன, லாட்ஜ்களும் கூடவே வந்துவிட்டன, நான் தங்கியது அப்படியொன்றில். லிஃப்ட், ஏசி, தலையணைக்கு வெள்ளை உறை. சாப்பாடு எங்கிருந்தோ டப்பாவில் வருகிறது. பக்கத்து அறையில் யார் இருந்தார்கள், யார் போனார்கள் என்பது கதவைத் தாண்டித் தெரிவதில்லை. இடையில் ஒருநாள் பழைய சந்துக்குப் போய்ப் பார்த்தேன். மெஸ் இருந்த இடத்தில் ஸ்கேன் சென்டர் இருக்கிறது. மெஸ்ஸக்கா என்ன ஆனார் என்று விசாரிக்கக்கூட முடியவில்லை, பெயர் தெரிந்தால்தானே விசாரிக்க.

அப்பா தேறி எழுந்தார். கிளம்புகிற அன்று அவரோடு லாட்ஜுக்கு வந்து கணக்கு முடித்தேன், கவுன்ட்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரிலிருந்து ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அடியில் "நன்றி. மீண்டும் வருக" என்று அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற லாட்ஜில்! அப்பா கண்ணில் படாமல் மடித்தேன். "குடு" என்று கையை நீட்டி வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு சோபாவில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"ஒங்காத்தாவ மாசாமாசம் கூட்டியாரணும்னு சொல்லித்தேன் அன்னைக்கு அனுப்புனாக. உழவு, விதைப்பு, களையெடுப்புன்னு நாந்தேன் தள்ளிப் போட்டேன். வலிக்குதாடின்னா இல்லன்னுருவா. அத நம்புற மாதிரி இருந்துட்டேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒங்கத்த ஒன்னையச் சொன்னப்ப வாயத் தொறந்துருக்கணும். தொறக்கல. ஒம் மேல பழி விழுந்தது எனக்குத் தோதாப் போச்சுத்தா."

எனக்கு அழுகை வரவில்லை. அப்படியொரு ஆத்திரம் வந்தது. நெஞ்சில் தையல் போட்ட மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முப்பத்து நாலு வருடம்! பையைத் தூக்கிக்கொண்டு நான் பாட்டுக்கு வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் அப்பா எழுந்து கவுன்ட்டருக்குப் போய், அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "போயிட்டு வாரேன்த்தா!"

அந்தப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரிங்க தாத்தா" என்றாள். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் ஊரில், தன் கட்டிலில், காலைக் காபியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ரிங் ரோட்டுப் பக்கம் அவர் மறுபடி போகவே இல்லை. வாரேன் என்று அத்தனை சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தும் போகவில்லை. எனக்குக் காட்டத்தான் சொன்னார் என்பது அன்றைக்கே தெரியும். அதற்காக அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை. கேதத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, முறைப்படி, எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்கள். எல்லோரும் போன பிறகு நானும் கிளம்ப வேண்டியிருந்தது. வாசற்படியில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே "சரித்தா" என்று சொல்ல யாரும் இல்லை.