மீன் வரிசையில் எடுத்த ரத்தம்

கொரோனாவின் முதல் அலை ஓய்ந்திருந்த நேரம். ஊரில் எத்தனை பேருக்கு அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது என்று அறிய ஓர் ஆய்வு நடந்தது. காய்ச்சலே வராதவர்களுக்கும், அது உள்ளே வந்து போயிருந்தால் ரத்தத்தில் தடயம் இருக்கும். அந்த ஆய்வில் நான் லேப் டெக்னீஷியன். காலையில் போய் ரத்தம் எடுப்பேன், மதியத்துக்கு மேல் லேபில் பரிசோதிப்பேன். கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா வருவார். கொரோனா வார்டில் மாதக்கணக்கில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார்.

மூலக்குளத்தில் வீடு வீடாகப் போனபோது பெரிய சிரமம் இல்லை. பெரிய மார்க்கெட்டில்தான் திணறிவிட்டோம். மீன் வரிசையில் ஒருவரும் கை நீட்டவில்லை.

"எடுத்துக்கினு போயி எல்லாருக்கும் இருக்குதுன்னு சொல்லுவீங்க. மறுபடியும் கடைய மூடச் சொல்லுவாங்க. நாங்க எங்க போறது?" என்றார் ஒருவர். அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்தது.

சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், எழுந்து கையைக் கழுவினார். முழங்கை வரை ஒட்டியிருந்த செதில்களை முந்தானையால் துடைத்துவிட்டு எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட எடு."

நர்ஸ் அக்கா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். நான் ஊசியைப் பிரித்தேன். அந்த அம்மா எங்களிடம் பேசவில்லை, பக்கத்துக் கடைக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீட்டுக்காரரு வார்டுல கெடந்தப்போ என்ன உள்ள வுடல. ஒரு நர்சம்மாதான் செல்போன அவரு காதுல வெச்சிப் புடிச்சிக்கினு நின்னுது. அவரால பேச முடியல. நான்தான் பேசிக்கினே இருந்தேன். 'கேக்குறாரும்மா, கண்ணுல தண்ணி வருது, பேசுங்க'ன்னு அது சொல்லிச்சி. மறுநா அவரு போயிட்டாரு. அந்தப் பொண்ணு மூஞ்சி எப்பிடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. அவங்கள மாதிரி ஆஸ்பத்திரிக்காரங்கதான் கேக்குறாங்க, ரத்தந்தானே, குடுத்தா என்ன?"

நர்ஸ் அக்காவின் கை பட்டையின் மேலேயே நின்றுவிட்டது. நான் ரத்தம் எடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒவ்வொருவராக வந்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் மெல்லக் கேட்டேன்: "அது நீங்களாக்கா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியல. எத்தனையோ பேருக்குப் போன் புடிச்சேன். கவச டிரஸ்ஸோட போட்ட கண்ணாடி மேல ஆவி படிஞ்சி, பாதி நேரம் யாரு மூஞ்சியும் எனக்குச் சரியாத் தெரியாது. நானா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

லேபில் எங்களுக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள் மட்டுந்தான். ஒரு பிளாஸ்டிக் தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சொட்டு. மார்க்கெட்காரர்கள், சேதராப்பட்டு ஃபேக்டரித் தொழிலாளிகள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், வார்டு நர்சுகள், எல்லோரும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மருந்தை விட்டுக் காத்திருந்தேன். ஒரு குழி நீலமானது. தள்ளி இன்னொன்று. கடைசித் திரவத்தை விட்டதும் நீலம் மஞ்சளாக மாறியது. ஒவ்வொரு மஞ்சளும் ஓர் உடம்பு தனியாகப் போராடி ஜெயித்ததன் அடையாளம். அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் அன்றைக்கும் எழுந்து டீ குடித்து வேலைக்குப் போயிருப்பார். படித்த விஷயந்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் தட்டைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

முடிவு கேட்டவர்களுக்கு, எண்ணுக்குரிய பெயரைப் பார்த்து, நேரில் போய்ச் சொன்னோம். மீன்கார அம்மாவும் கேட்டிருந்தார்.

"உங்களுக்கும் வந்துட்டுப் போயிருக்கும்மா," என்றேன்.

"எனக்கா? ஒரு தும்மல்கூட வரலியே!" கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப எங்கிட்டேர்ந்துதான் அவருக்குப் போச்சா?"

நர்ஸ் அக்கா அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"யாருக்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சின்னு இந்த ரத்தத்துல தெரியாதும்மா. எனக்கும் வந்துட்டுப் போயிருக்கு. எனக்கும் தெரியாமத்தான். நான் யாருக்குக் குடுத்தேனோ, யாரு எனக்குக் குடுத்தாங்களோ."

"நீயும் அந்த வார்டுல இருந்தியா?"

அக்கா தலையாட்டினார். அது நீயா என்று அந்த அம்மா கேட்கவில்லை.

"மாஸ்க்க கொஞ்சம் எறக்கும்மா. மூஞ்சியப் பாத்துக்கறேன்."

அக்கா எழுந்து இரண்டடி பின்னால் போய் மாஸ்க்கை இறக்கினார். மூக்கின் மேல் வார்டு மாஸ்க் அழுத்திய பழைய தழும்பு ஒன்று கறுத்திருந்தது. மீன் வாங்க வந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவசரப்படாமல் பார்த்தார்.

"சரி, போட்டுக்கோ," என்றார்.

சில மாதங்கள் கழித்து ஆய்வின் இரண்டாவது சுற்றுக்குப் போனபோது நாங்கள் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வியாபாரம் சூடுபிடிப்பதற்கு முன்பே மீன் வரிசைப் பெண்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கைகளைக் கழுவிவிட்டு நீட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களை அவர்களே கூப்பிட்டார்கள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொண்டுபோன ட்யூபுகள் போதவில்லை. மறுநாளும் போனோம்.