பெரிய சம்பளத்துக்கு வரம்பு கேட்டவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எழுபதுகளில் ஒரு மாதம் முழுக்கக் குலை நடுங்கிக் கிடந்தேன்.

காஞ்சிபுரத்தில், பட்டு சம்பந்தமான ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அப்பாவுக்குக் கண் மங்கித் தறியை விட்ட பிறகு என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த நேரம் பார்த்துச் செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. தற்காலிக ஆட்களை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு, "எதைக் குறைக்கலாம்? பயப்படாம சொல்லுங்க" என்றார். எல்லோரும் தலைமை எழுத்தரைப் பார்த்தார்கள். நான்தான் மகராசி, எழுந்து நின்றேன்.

"சார், எங்கப்பா நெய்ஞ்சிக்கிட்டிருந்தப்ப, மழைக்காலத்துல எங்க தறிக்குழியில தண்ணி ஊறி வேலை நின்னுடும். அப்பவும், சேலைக் கரை நெய்யக் கூட உக்கார்ற ஆளை அவரு நிறுத்த மாட்டாரு. அந்த ஆள் போயிட்டா அப்புறம் தறியே ஓடாது. எங்க வீட்டுச் சோத்தத்தான் குறைப்பாரு. அந்த மாதிரி, இங்கயும் பெரிய சம்பளத்துக்கு ஒரு வரம்பு வெச்சா, எங்களை நிறுத்த வேணாமே சார்."

சொல்லி முடித்த பிறகுதான், அங்கே பெரிய சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான் என்பது உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய்!  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேலே எழுதிப் போடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் தலைமை எழுத்தர் பிடித்துக்கொண்டார். "இன்னாமா, ஒழுங்கா வேலை செஞ்சிக்கினு இருக்கிறது புடிக்கலியா உனக்கு?"

அதற்குப் பிறகு அதிகாரியின் அறையில் மணி அடித்தாலே என் தட்டச்சில் எழுத்து மாறிவிடும். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் இன்னும் பயம். வீட்டில் மூச்சு விடவில்லை.

கடைசியில் கூப்பிட்டேவிட்டார்.  உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"நீ சொன்னதை ஒத்துக்கிட்டாங்கம்மா. என் சம்பளத்துக்கு வரம்பு வெச்சுட்டாங்க."

எனக்குப் போன உயிர் வந்தது. "அப்போ நாங்க, சார்?"

"தற்காலிக ஆளுங்களும் இந்த மாசத்தோட நின்னுடணுமாம். ரெண்டையும் செஞ்சா இன்னும் மிச்சமாகும்னு எழுதியிருக்காங்க."

 இத்தனை நாளும் நான் பயந்து செத்த அந்த மனிதர், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"என் வீட்ல இதை எப்படிம்மா சொல்றது?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டு நின்றேன்.